சர்ச்சிலும் மண்டபத்திலும் ஒரே கிட்டார்: எந்த பிக்கப் வைக்கலாம்?

வாசகர் கடிதம்:

"வணக்கம் அண்ணா. நாகர்கோவில் பக்கம் ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். வயது 27. நான்கு வருடமாக யமஹா எஃப்ஜி800 கிட்டார் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். அங்கே கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக் வைப்பார்கள், நன்றாகவே கேட்கும். மாதத்தில் இரண்டு மூன்று கல்யாண வரவேற்புகளில் லைட் மியூசிக் குழுவோடு வாசிக்கிறேன். பிரச்சினை அங்கேதான். டிரம்ஸ் சத்தம் முழுக்க என் மைக்கில் ஏறுகிறது. கிட்டாரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் கூவ ஆரம்பித்துவிடுகிறது. கிட்டாரின் அதிர்வை மின்சாரமாக்கி மிக்சருக்கு அனுப்பும் பிக்கப் வைக்கலாம் என்று விசாரித்தேன். நண்பர் ஒருவர் சேடிலுக்கு (கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டை) அடியில் வைக்கும் பைசோ வகை பிக்கப் போதும் என்கிறார். கடைக்காரர், மைக்கும் பைசோவும் சேர்ந்த மாடல்தான் பெஸ்ட் என்கிறார். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன், சவுண்ட் ஹோலில், அதாவது கிட்டாரின் நடுவில் உள்ள வட்டத் துளையில், மாட்டும் பிக்கப்பை வாங்கு என்கிறார். பைசோ வைத்த கிட்டார்களைக் கேட்டிருக்கிறேன், தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. கிட்டாரில் ஓட்டை போடவும் மனசு வரவில்லை. பாதிப் பாட்டுக்கு விரலால் வாசிப்பேன், மீதிக்கு ஸ்ட்ரம்மிங். என்ன வாங்கட்டும்?"

அன்புள்ள தம்பி,

பேஸ் அண்ணன் சொன்னதைக் கேளுங்கள். சவுண்ட் ஹோலில் மாட்டும் காந்த பிக்கப்பை வாங்குங்கள். அதோடு ஒரு நல்ல டிஐ பெட்டியும் (கிட்டார் ஒயருக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். சர்ச்சில் இப்போது இருக்கிற மைக் அப்படியே இருக்கட்டும். அங்கே நன்றாகக் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருப்பதை எதற்காக மாற்ற வேண்டும்?

பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டால்தான் நாளைக்கு வேறு கிட்டார், வேறு குழு என்று மாறும்போது நீங்களே முடிவெடுக்க முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக மேடைக்கு ஒலி அமைக்கிறேன், கிட்டார் பழுதும் பார்க்கிறேன். பிக்கப் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான்கைந்து வீடியோக்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த வீடியோக்களில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கிட்டார், சத்தமே இல்லாத அறை. அங்கே மைக் கலந்த மாடல்தான் ஜெயிக்கும். ஜெயிக்கத்தான் செய்யும், ஏனென்றால் நம் காதுக்கு கிட்டார் என்றாலே மைக் வைத்துப் பதிவு செய்த கிட்டார்தான். இளையராஜா பாட்டுகளில் வரும் கிட்டாரைக் கேட்டு வளர்ந்த காது வேறு எதைத் தேடும்? ஆனால் அது ஸ்டுடியோ. உங்கள் மேடையில் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் கீபோர்டு, காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர். அங்கே முதல் கேள்வி "எது அழகாகக் கேட்கும்" என்பதல்ல, "எது கூவாமல் இருக்கும்" என்பதுதான். கூவுகிற பிக்கப்பை சவுண்ட்காரர் குறைத்துத்தான் வைப்பார். குறைத்து வைத்த பிக்கப்பின் அழகு யார் காதுக்கும் எட்டாது.

சரி, கிட்டார் ஏன் கூவுகிறது? கிட்டாரின் உடம்பு ஒரு காற்றுப் பெட்டி. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுகிறதல்லவா, அதேபோல் உங்கள் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சொந்தச் சுரம் உண்டு. எஃப்ஜி800 மாதிரி பெரிய உடம்புள்ள கிட்டார்களில் அது சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அதற்கு மேலே, ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில், மேல்பலகைக்கு ஒரு சுரம் இருக்கும். மானிட்டரிலிருந்து இந்த இரண்டு சுரங்களில் ஒன்று வந்து மோதினால் போதும், நீங்கள் கம்பியைத் தொடாமலே கிட்டார் அதிரும். அந்த அதிர்வை பிக்கப் பிடித்து மறுபடி மானிட்டருக்கே அனுப்பும். அது திரும்ப வந்து மோதும். இந்தச் சுற்று ஒவ்வொரு முறையும் பெருகிப் பெருகி 'ஊ' என்று எழும்.

உங்கள் கிட்டாரின் அந்தச் சுரம் எது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆறாவது கம்பியில், அதாவது தடித்த ஈ கம்பியில், முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒரே பலத்தில் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் குப்பென்று வீங்கும், கிட்டாரின் முதுகு உங்கள் வயிற்றில் அதிர்வது தெரியும். பெரும்பாலும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அது இருக்கும். மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ், நான்காவது 104, ஐந்தாவது 110. எந்த ஃப்ரெட் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் சவுண்ட்காரரிடம் "அண்ணே, கிட்டார் சேனல்ல 104ல கொஞ்சம் வெட்டிடுங்க" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. மொத்த பேஸையும் குறைத்து கிட்டாரை ஒல்லியாக்க வேண்டியதில்லை.

இந்தக் கூவலுக்கு எந்த வகை பிக்கப் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். மைக் காற்றில் வரும் சத்தத்தையே பிடிக்கிறது, அதனால் அதுதான் முதலில் கூவும். அடுத்தது மேல்பலகையில் ஒட்டும் வகை. அது பலகையின் அதிர்வைக் கேட்கிறது, பலகையோ மானிட்டருக்கு அதிர்கிறது. சேடிலுக்கு அடியில் இருக்கும் பைசோ அதைவிடத் தாங்கும். எல்லாவற்றையும்விட அதிகம் தாங்குவது காந்த பிக்கப். காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அசைந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். டிரம்ஸ் சத்தம் காற்றில் எவ்வளவு வந்தாலும் காந்தத்துக்கு அது ஒன்றுமேயில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு குறைகளில் ஒன்று, டிரம்ஸ் மைக்கில் ஏறுவது, அப்படியே போய்விடும். இன்னொன்று, கூவுவது, பெருமளவு அடங்கும். முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன். உடம்பு அதிர்ந்தால் கம்பியும் கூடவே அதிரும்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் காந்த பிக்கப் வைப்பது புதிய யோசனையல்ல. கிப்சன் நிறுவனம் 1954-லேயே ஜே-160இ என்ற கிட்டாரை காந்த பிக்கப்போடு கொண்டுவந்தது. பின்னால் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் கையில் வைத்திருந்தது அதைத்தான். அந்தக் கிட்டாரின் மேல்பலகையை ஒட்டுப்பலகையில் செய்தார்கள், கூவாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் எஃப்ஜி800-இன் மேல்பலகை ஒரே கட்டையாக அறுத்த ஸ்ப்ரூஸ் மரம். அது சுதந்திரமாக அதிர்கிறது, அதனால்தான் வீட்டில் அவ்வளவு இனிமையாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் மண்டபத்தில் எளிதாகக் கூவவும் செய்கிறது. வீட்டில் பழைய ப்ளைவுட் கிட்டார் ஏதாவது கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழுத்து நேராக இருந்து, கம்பி உயரம் சரியாக இருந்தால், சத்தம் மிகுந்த மேடையில் அது உங்கள் நல்ல கிட்டாரைவிட ஒத்துழைக்கும். சவுண்ட் ஹோலில் மாட்டும் பிக்கப்பை இரண்டு திருகைத் தளர்த்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டையும் வேண்டாம், ஒயரை சவுண்ட் ஹோல் வழியாகவே வெளியே விட்டுக்கொள்ளலாம்.

காந்த பிக்கப்பில் குறையே இல்லையா? இருக்கிறது. கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார் வாடை அடிக்கும். மரத்தின் சத்தம், விரலால் பலகையைத் தட்டும் சத்தமெல்லாம் மிகக் குறைவாகவே வரும். எல்.ஆர். பேக்ஸின் எம்1, எம்80 மாதிரி சில மாடல்களில் ஒரு காயில் (கம்பிச் சுருள்) உடம்பின் அதிர்வையும் சேர்த்துப் பிடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். விரலால் வாசிக்கிற உங்களுக்கு அந்த வகை நன்றாகப் பொருந்தும். ஃபிஷ்மனின் ரேர் எர்த் வரிசையும் நல்லதுதான். விலை கடைக்குக் கடை மாறுகிறது, அதனால் தொகை எழுதவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்: இரட்டைக் காயில் வைத்து ஹம்மிங் அடக்குகிற மாடலாக இருக்க வேண்டும். ஒற்றைக் காயில் மாடல் மலிவாகக் கிடைக்கும். வரவேற்பு மேடையில் சீரியல் லைட், எல்இடி திரை, டிம்மர் எல்லாம் ஓடும்போது அது 'ர்ர்ர்' என்று இரைந்துகொண்டே இருக்கும், பாட்டுக்கு நடுவில் நிறுத்தினால் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கம்பியையும் கவனிக்க வேண்டும். நீங்கள் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதன் மேலே சுற்றியிருப்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை, அதைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் எஃகு நரம்பை மட்டும்தான் காந்தம் பார்க்கும். சுற்று இல்லாத முதல் இரண்டு கம்பிகளோ முழுக்க எஃகு. அதனால் மேல் கம்பிகள் இரண்டும் துருத்திக்கொண்டு கேட்கும். சில பிக்கப்புகளில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே சின்னத் திருகு இருக்கும். முதல் இரண்டு கம்பிகளுக்கு உள்ளதைச் சற்றுக் கீழே இறக்கினால் சமமாகிவிடும். திருகு இல்லாத மாடல் என்றால் பிக்கப்பின் அந்தப் பக்கத்தை லேசாகத் தாழ்த்தி மாட்டிப் பாருங்கள். நிக்கல் சுற்றிய கம்பி போட்டாலும் சமநிலை வரும், ஆனால் மைக் வைக்கிற சர்ச்சில் அதன் ஒலி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்குக் காந்த பிக்கப் அறவே வேலை செய்யாது, நண்பர்கள் யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள்.

இப்போது நண்பர் சொன்ன பைசோவுக்கு வருகிறேன். அதைக் கெட்ட பிக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880-இல் பியர் க்யூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் கண்டுபிடித்தார்கள். சேடிலுக்கு அடியில் இருக்கும் பட்டையான கம்பியில் நடப்பது அதேதான். நீங்கள் கம்பியைத் தட்டும்போது சேடில் அதை அழுத்துகிறது, அழுத்தம் மின்சாரமாகிறது. மென்மையாக வாசிக்கும்போது இது தெளிவாக, அழகாகவே இருக்கும். ஓங்கி ஸ்ட்ரம் செய்யும்போதுதான் ஆறு கம்பியும் ஒரே நேரத்தில் சேடிலை மிதிக்கின்றன. அப்போது 'க்வாக்' என்று ஒரு அடைபட்ட சத்தம் வரும். நீங்கள் தகரம் என்று எழுதியது அதுவாக இருக்கலாம். மிக்சரில் 1,500 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் குறைத்தால் இது ஓரளவு அடங்கும்.

ஆனால் அந்தத் தகரச் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பார்த்தவரை மேடைகளில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான். இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்கு ஒலி அமைக்கப் போயிருந்தேன். கிட்டார் வாசிக்க வந்த பையன் கல்லூரி மாணவன். நல்ல கிட்டார், மேல்பலகைக்கு அடியில் பேட்டரி இல்லாத நல்ல பைசோவை ஒட்டியிருந்தான். வாசிப்பும் அருமை. நான் வருவதற்கு முன்பே எங்கள் ஆள் கிட்டார் ஒயரை நேராக மிக்சரில் சொருகிவிட்டார். வந்த சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி. பேஸே இல்லை. பையன் முகம் வாடிவிட்டது, "பிக்கப்புக்குப் போட்ட காசு வீண்" என்றான். நான் பையிலிருந்து ஒரு ஆக்டிவ், அதாவது பேட்டரியிலோ மிக்சர் தரும் மின்சாரத்திலோ ஓடும், டிஐ பெட்டியை எடுத்து நடுவில் மாட்டினேன், வேறு எந்தக் குமிழையும் தொடவில்லை. அதே கிட்டார், அதே விரல். அடுத்த கார்டைத் தட்டியதும் அவனே கையை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தான்.

நடந்தது என்னவென்றால், பைசோ தரும் மின்சாரம் மிக மெல்லியது. அதை வாங்கிக்கொள்ளும் இடம் மெதுவாக, மிகக் குறைவாக உறிஞ்ச வேண்டும். இதை ஓம் கணக்கில் சொல்வார்கள். பைசோவுக்குக் குறைந்தது 10 லட்சம் ஓம் உள்ள உள்ளீடு வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீடு சாதாரணமாக 10,000, 20,000 ஓம்தான் இருக்கும். அந்த இடத்தில் சொருகினால் கீழ்ச்சுரமெல்லாம் கரைந்துபோய் மேலே இருக்கும் கீச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பேசிவ் டிஐ பெட்டியும் இதற்குப் போதாது, அது பெரும்பாலும் 1.5 லட்சம் ஓமுக்கு மேல் போகாது. நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் பெட்டிகளில் அதிகம் கிடப்பது இந்த வகைதான். கீபோர்டுக்கு அது நன்றாக இருக்கும், பேட்டரி இல்லாத பைசோவுக்கு ஆகாது. எத்தனையோ நல்ல பிக்கப்புகள் இந்த ஒரு காரணத்தால் கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன. கிட்டார்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி, அதையும் அதே ஓட்டையில் சொருகுவார்கள்.

அதனால்தான் முதல் வரியிலேயே டிஐ பெட்டியையும் சேர்த்து எழுதினேன். காந்த பிக்கப் பைசோ அளவுக்கு நொடிந்துபோகாது, பேட்டரியுள்ள ஆக்டிவ் மாடல் என்றால் இன்னும் கவலையில்லை. இருந்தாலும் உங்களுடைய சொந்தப் பெட்டி ஒன்று கையில் இருக்க வேண்டும். எல்.ஆர். பேக்ஸின் பாரா அக்கூஸ்டிக் டிஐ மாதிரி ஒன்று உங்களுக்கு நல்ல முதலீடு. அதன் உள்ளீடு ஒரு கோடி ஓம். கூவும் சுரத்தை மட்டும் வெட்டும் நாட்ச் குமிழும், ஃபேஸ் மாற்றும் பட்டனும் அதில் உண்டு. 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்சர் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரிலும் ஓடும். பணம் ஒரே சமயத்தில் புரளவில்லை என்றால் பிக்கப்பில் ஒரு படி கீழே இறங்குங்கள், பெட்டியில் இறங்காதீர்கள். பிக்கப் மாறலாம், கிட்டார் மாறலாம், பெட்டி உங்களோடு இருபது வருடம் வரும்.

ஃபேஸ் பட்டன் என்றதும் சிலர் பயந்து தொடவே மாட்டார்கள். தைரியமாக அமுக்குங்கள். மானிட்டரிலிருந்து வரும் அலையும் உங்கள் கிட்டாரின் அதிர்வும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டால் கூவும், எதிரெதிராக நின்றால் அடங்கும். பட்டன் செய்வது அந்தத் திசையை மாற்றுவது மட்டும்தான். எது சரியான பக்கம் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது, மேடைக்கு மேடை மாறும். 100 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 1.7 மீட்டர். அதாவது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றாலே கணக்கு தலைகீழாகலாம். சவுண்ட் செக் நேரத்தில் எங்கே நின்று வாசிக்கப் போகிறீர்களோ அங்கே நின்றுதான் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன கலப்பு மாடல் பற்றி இரண்டு வார்த்தை. எல்.ஆர். பேக்ஸ் ஆந்தம் போன்றவை அருமையான பொருள்கள். பைசோ கீழ்ச்சுரத்தைப் பார்த்துக்கொள்ளும், கிட்டாருக்குள் இருக்கும் சின்ன மைக் மேலே உள்ளதைப் பார்த்துக்கொள்ளும். தனியாகப் பாடி வாசிக்கிறவருக்கு, சின்ன அரங்குக்கு, அமைதியான சர்ச்சுக்கு அதைவிட நல்லது எளிதில் கிடைக்காது. ஆனால் உங்கள் மண்டபத்தில் சவுண்ட்காரர் என்ன செய்வார்? மைக்கின் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கச் சொல்வார். அப்புறம் மிஞ்சுவது சேடிலுக்கு அடியில் இருக்கும் பைசோ மட்டும், எதைத் தகரம் என்றீர்களோ அதே. அதற்கா அவ்வளவு பணம்?

உங்களுக்குக் காந்த பிக்கப் பழகி, மரத்தின் சத்தமும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். தோன்றட்டும், அப்போது இரண்டாவது படியாக மேல்பலகைக்கு உள்பக்கம் ஒட்டும் கே அண்ட் கே ப்யூர் மினி போன்ற பிக்கப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்ஜுக்கு (சேடில் பதிந்திருக்கும் கட்டை) நேர் கீழே, உள்ளே உள்ள பலகையில் மூன்று சின்ன வட்டத் தகடுகளை ஒட்டுவார்கள். பேட்டரி கிடையாது, சேடிலைத் தொட வேண்டியதில்லை. சேடிலுக்கு அடியில் வைக்கும் பைசோவின் 'க்வாக்' இதில் இருக்காது. மரத்தின் சூடு தெரியும். காந்தத்தையும் இதையும் தனித்தனி சேனலில் எடுத்து, சத்தமான மேடையில் காந்தத்தை முன்னால் வைத்து, அமைதியான இடத்தில் இதைக் கூட்டிக்கொள்ளலாம். மைக்கேல் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் சவுண்ட் ஹோலில் சன்ரைஸ் காந்த பிக்கப்பையும் பலகையில் ஒட்டும் பிக்கப்பையும் இப்படிக் கலந்துதான் வாசித்தார். கிட்டாரையே தாளவாத்தியமாகவும் தட்டி வாசித்தவர் அவர், அவருடைய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். ஆனால் தகடுகளை ஒட்டும் இடம் சில மில்லிமீட்டர் மாறினாலும் கம்பிகளின் சமநிலை மாறிவிடும். சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுவார்கள், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதை மட்டும் பழகிய கையிடம் கொடுங்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுகிற மலிவான வகைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் வெயிலுக்கும் உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கும் அந்த டேப் தளர்ந்துவிடும், பாட்டுக்கு நடுவில் உள்ளே தொங்கும்.

இனி சொல்லப்போவது சத்தத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. பிக்கப் மாட்டியதும் அதன் ப்ளக், ஜாக் போன்ற உலோகப் பாகங்கள், சில பிக்கப்புகளில் கம்பிகளும்கூட, ஒயர் வழியாக மிக்சரின் எர்த்தோடு இணைந்துவிடும். மண்டபத்தில் ஒலிக்கு ஒரு லைன், லைட்டுக்கு ஒரு லைன், இடையில் ஜெனரேட்டர். எர்த் சரியில்லாத இடத்தில் கை அந்த உலோகத்திலும் உதடு மைக்கிலும் இருந்தால் ஷாக் அடிக்கலாம். எனக்கே ஒரு முறை உதட்டில் அடித்து, கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். ஹம்மிங் கேட்கிறது என்று சிலர் ப்ளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுவார்கள், அல்லது இரண்டு முள் ப்ளக்கில் சொருகுவார்கள். ஹம்மிங் போகும், ஆனால் பாதுகாப்பும் அதோடு போகும். அதை யார் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். டிஐ பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஹம்மிங்குக்கு அதைத்தான் அமுக்க வேண்டும். அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் லைனின் எர்த்தைத் தொடாது. நீங்கள் பாடவும் செய்கிறீர்கள் என்றால் பாடும் மைக்குக்குப் பஞ்சு உறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் ஏறியதும், வாயை வைப்பதற்கு முன்னால், சவுண்ட்காரரிடம் ஒரு டெஸ்டர் வாங்கி மைக்கின் வலையைத் தொட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மற்றபடி சின்ன விஷயங்கள். ஆக்டிவ் மாடல் வாங்கினால், ஒயர் சொருகியிருக்கும் வரைக்கும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். சாப்பிடப் போகும்போது கழற்றிவிட்டுப் போங்கள். கிட்டாரிலிருந்து டிஐ பெட்டிக்குப் போகும் ஒயர் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். பெட்டியிலிருந்து மிக்சருக்கு மைக் ஒயர் எவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லை. மானிட்டரை உங்கள் கிட்டாரின் வயிற்றைப் பார்த்து வைக்காமல் காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். சவுண்ட் ஹோலை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்று கடையில் கிடைக்கும், கூவலுக்கு மிக நல்ல மருந்து, ஆனால் அதே இடத்தில் உங்கள் பிக்கப் உட்காரும் என்பதால் இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. பிக்கப் வருவதற்கு முன்பு இந்த மாதமே கச்சேரி இருந்தால் அந்த மூடியை மட்டும் வாங்கி, மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் நெருக்கி வைத்துப் பாருங்கள். கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஓட்டை விஷயம். இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். சவுண்ட் ஹோல் வழியாகத் தொங்கும் ஒயரை ஸ்ட்ராப்பில் ஒரு சுற்று சுற்றி மாட்டிக்கொண்டால், யாராவது மிதித்தாலும் பிக்கப் பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் மாதம் மூன்று கச்சேரி என்றால் ஆறு மாதத்தில் அந்த ஒயர் சலித்துவிடும், அடிப்பக்கத்தில் ஜாக் வைக்கத் தோன்றும். அப்போது பயப்படாதீர்கள். ஸ்ட்ராப் பின் இருக்கிற இடத்திலேயே சுமார் 12 மில்லிமீட்டர் ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே கனமான கட்டை இருக்கிற இடம் அது, கிட்டாரின் ஒலிக்கு எதுவும் ஆகாது. வேலை செய்பவர் எப்படிச் செய்கிறார் என்பதுதான் முக்கியம். அங்கே ஏற்கெனவே சின்ன ஓட்டை இருக்கும். பெரிய ட்ரில் பிட்டை நேராக அதில் வைத்து அமுக்கினால், பிட் மரத்தைக் கவ்வி வார்னிஷைச் செதில் செதிலாகப் பிய்க்கும், சில சமயம் கட்டையே விரியும். கையால் திருகும் கூம்பு ரீமர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் பிட் இருந்தாலும் சரி, ஓட்டையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மெதுவாக இறக்க வேண்டும். இரண்டும் இல்லை, "அதெல்லாம் வேண்டாம் தம்பி, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று சொன்னால் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.